பொறியாளர் எழுதும் கடிதம்

ஓர் அணையோ, பாலமோ, மின்நிலையமோ உருவாகும்போது அதனுடன் சேர்ந்து கோப்புகளும் உருவாகின்றன. மதிப்பீட்டுக்கு ஒப்புதல் கோரும் கடிதம், ஒப்பந்தக்காரருக்கு அனுப்பும் அறிவிப்பு, மேலதிகாரிக்கு எழுதும் குறிப்பு, பிற துறைக்கு விடுக்கும் வேண்டுகோள் என எழுத்துப் பணி பொறியாளரின் அன்றாடக் கடமைகளுள் ஒன்றாக அமைந்துவிடுகிறது. பதவி உயர உயர, வரைபடத்தின் முன் செலவிடும் நேரம் குறைந்து, கடிதங்களின் முன் செலவிடும் நேரம் கூடுகிறது.

எனினும், கட்டமைப்பைக் கணக்கிடவும் வரைபடம் தீட்டவும் முறையாகப் பயிற்சி பெறும் பொறியாளர், கடிதம் எழுதும் கலையைப் பெரும்பாலும் பழைய கோப்புகளைப் பார்த்தே கற்கிறார். தமக்கு முன் அப்பதவியில் இருந்தவர் எழுதிய வாசகங்களை அப்படியே பின்பற்றுகிறார். அவற்றின் குறைகளும் அவருடைய எழுத்தில் குடிபுகுகின்றன. 'தக்க நடவடிக்கைக்காக', 'ஆவன செய்யுமாறு' போன்ற தொடர்கள் இவ்வாறுதான் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றன.

இதைச் சிறு குறையெனக் கருதிவிட முடியாது. பொறியாளர் கண்டறிந்த உண்மை, முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவரைச் சென்றடைந்து செயலாக மாறும்போதுதான் பயன் தருகிறது. அந்தப் பயணத்துக்குரிய வாகனம் கடிதமே. வாகனம் பழுதுபட்டால் என்ன நேரும் என்பதற்கு அணுமின் துறையின் வரலாற்றிலேயே ஒரு சான்று உள்ளது.

பதினேழு மாதங்கள்

1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தின் இரண்டாவது உலையில் பெரும் விபத்து நேர்ந்தது. அழுத்தத்தைத் தணிக்கும் வால்வு ஒன்று திறந்தபடியே சிக்கிக்கொள்ள, உலையைக் குளிர்விக்கும் நீர் அதன் வழியே வெளியேறியது. ஆனால் அழுத்தக் கலத்தின் நீர்மட்டமானி நீர் மிகுந்திருப்பதாகக் காட்டியது. அதை நம்பிய இயக்குநர்கள், தாமாகவே இயங்கத் தொடங்கியிருந்த அவசர நீரேற்று அமைப்பின் நீர்வரத்தைக் குறைத்தனர். நீரின்றி வெப்பம் ஏறிய உலையின் மையப்பகுதியில் ஏறத்தாழப் பாதி உருகிற்று.

இதே தொடர் நிகழ்ச்சி, 1977 செப்டம்பர் 24 அன்று ஓகையோ மாநிலத்தில் உள்ள டேவிஸ்-பெஸ்ஸி நிலையத்தில் முன்னரே நிகழ்ந்திருந்தது. அங்கும் வால்வு சிக்கியது; அங்கும் இயக்குநர்கள் அவசர நீரேற்றத்தை உரிய காலத்துக்கு முன்பே நிறுத்தினர். அப்போது உலை தன் முழுத் திறனில் 9 விழுக்காடு அளவிலேயே இயங்கிக்கொண்டிருந்ததும், வால்வின் கோளாறு விரைவில் கண்டறியப்பட்டதும் அதனைக் காத்தன.

இரண்டு உலைகளையும் வடிவமைத்த நிறுவனம் பாப்காக் அண்ட் வில்காக்ஸ். டேவிஸ்-பெஸ்ஸி நிகழ்ச்சியை ஆராய்ந்த அந்நிறுவனப் பொறியாளர் ஜோசப் கெல்லி, 1977 நவம்பர் 1 அன்று ஏழு பேருக்கு ஒரு குறிப்பு அனுப்பினார். அவசர நீரேற்று அமைப்பை இயக்குவது பற்றி நிலையங்களுக்குப் போதிய வழிகாட்டுதல் தரப்படவில்லை போலும் என்ற தயக்கத்தோடு அது தொடங்கியது. பெறுவோரின் கருத்தை அறிய விழைவதாக முடிந்தது. இதனால் பயன் விளையாதது கண்டு, அவசரக் குளிர்விப்பு ஆய்வுப் பிரிவின் பொறுப்பாளரான பெர்ட் டன், 1978 பிப்ரவரி 9 அன்று வேறொரு குறிப்பு எழுதினார். அது உறுதியான மொழியில் அமைந்தது. உலை முழுத் திறனில் இயங்கியிருந்தால் எரிபொருள் சேதமடைந்திருக்கக்கூடும் என அதில் எச்சரித்தார். இயக்குநர்களுக்கு வழங்க வேண்டிய அறிவுரையையும் வகுத்துத் தந்தார்.

அந்த அறிவுரை நிலையங்களுக்குச் செல்ல மற்றொரு பிரிவின் ஒப்புதல் தேவைப்பட்டது. 1978 ஆகஸ்டு 3 அன்று டொனால்ட் ஹால்மன் அப்பிரிவுக்கு எழுதிய குறிப்பு, புதிய அறிவுரையால் குழாய்களுக்குத் தீங்கு நேருமா என்ற ஐயத்தை முன்வைத்தது. உலையின் மையப்பகுதி நீரின்றிப் போகக்கூடும் என்ற பேராபத்து அதன் பிற்பகுதியில்தான் இடம்பெற்றது. பெற்றவர் அதை வழக்கமான தாள்களுள் ஒன்றாகக் கருதினார். பதில் வரவில்லை. கெல்லியின் குறிப்பு எழுதப்பட்டு ஏறத்தாழப் பதினேழு மாதங்கள் கழிந்த நிலையில் திரீ மைல் ஐலண்ட் விபத்து நேர்ந்தது. அதுவரை அந்த அறிவுரை எந்த நிலையத்துக்கும் அனுப்பப்படவில்லை. அதிபர் கார்ட்டர் நியமித்த கெமனி ஆணையம் 1979 அக்டோபரில் அளித்த அறிக்கையில் இக்குறிப்புகளின் கதை இடம்பெற்றது.

குறை எங்கே?

இந்நிகழ்ச்சியில் அறிவுக்குக் குறைவில்லை. கோளாறும் அதற்கான மருந்தும் தெரிந்திருந்தன. அவற்றை எழுதவும் செய்தனர். குறை கடிதப் போக்குவரத்தில் இருந்தது. அதை நான்காகப் பகுத்துக் காணலாம்.

முதலாவது, நோக்கம் முன்வைக்கப்படவில்லை. கருத்துக் கேட்பதுபோல எழுதப்பட்ட குறிப்புக்கு, கருத்துச் சொல்வதோ மௌனமாக இருப்பதோ போதும் எனப் பெறுபவர் எண்ணுவது இயல்பு. இரண்டாவது, பொறுப்பு பலரிடம் பகிரப்பட்டது. ஏழு பேருக்கு எழுதிய குறிப்பில் செயல்பட வேண்டியவர் யார் என்று குறிக்கப்படாவிடில், ஒவ்வொருவரும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என விட்டுவிடுவர். மூன்றாவது, ஆபத்து பின்னுக்குத் தள்ளப்பட்டது. நாள்தோறும் நூறு தாள்களைக் காணும் அதிகாரி, முதல் சில வரிகளிலிருந்தே ஒரு கடிதத்தின் முக்கியத்துவத்தை முடிவு செய்கிறார். நான்காவது, கெடுவும் தொடர்நடவடிக்கையும் வலுவாக அமையவில்லை. பதில் வராத கடிதம், பதில் தேவையற்ற கடிதமாகவே காலப்போக்கில் கருதப்பட்டது.

ஒரு கடிதத்தை எழுதி முடித்தவுடன் பொறியாளர் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய வினாக்களை இவற்றிலிருந்து பெறலாம். யார் செயல்பட வேண்டும்? என்ன செய்ய வேண்டும்? எந்த நாளுக்குள்? செய்யாவிடில் விளைவு என்ன? இந்த நான்கிற்கும் முதல் பத்தியிலேயே விடை கிடைக்குமாயின் கடிதத்தின் அடித்தளம் உறுதியாகிவிட்டது எனலாம்.

கடித வகைகள்

இந்திய அரசு அலுவலகங்களில் எழுத்துத் தொடர்புக்குப் பல வடிவங்கள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் உரிய பயன் உண்டு. மாநில அரசுகள், பொதுத்துறை நிறுவனங்கள், ஒப்பந்தக்காரர்கள், பொதுமக்கள் ஆகியோருக்கு எழுதுவது முறையான கடிதம். மத்திய அரசுத் துறைகள் தமக்குள் பயன்படுத்துவது அலுவலகக் குறிப்பாணை; இது படர்க்கையில் எழுதப்படுவது; விளிச்சொல்லும் வணக்கச் சொல்லும் இதற்கு இல்லை. ஒரு பொருளில் அதிகாரி ஒருவரின் தனிக் கவனத்தை ஈர்க்க வேண்டியபோது எழுதுவது நேர்முகக் கடிதம். அலுவலகத்துக்குள்ளே கோப்பில் எழுதப்படுவது குறிப்பு.

பேச்சு வழக்கில் 'மெமோ' என்றதும் ஒழுங்கு நடவடிக்கைக்கான விளக்கம் கோரும் தாளையே ஊழியர்கள் நினைக்கின்றனர். இதனால் சக பொறியாளருக்கு எழுத்தில் எச்சரிக்கை விடுப்பதையே குற்றச்சாட்டு எனக் கருதும் மனப்பான்மையும் சில அலுவலகங்களில் காணப்படுகிறது. எச்சரிக்கைக் குறிப்பு எவர் மீதும் பழி சுமத்துவதற்கன்று. செய்தியை உரியவரிடம் சேர்ப்பதற்கு என்பது ஆழமாக வேரூன்ற வேண்டும்.

பொருத்தமான வடிவத்தைத் தெரிவு செய்வதும் எழுத்துத் திறனின் ஒரு கூறு. மூன்று நினைவூட்டுகளுக்கும் பதில் வராத பொருளில், நான்காவது நினைவூட்டைவிட ஒரு நேர்முகக் கடிதம் பயனளிக்கலாம். உயிருக்கு ஆபத்து உள்ள நிலையில் தொலைபேசியில் பேசிவிட்டு, அப்பேச்சை அன்றே எழுத்தில் உறுதி செய்வதே சரியான முறை.

ஓர் எடுத்துக்காட்டு

கற்பனையான ஒரு மண் அணையின் பொறுப்பிலுள்ள உதவிப் பொறியாளர், செயற்பொறியாளருக்குப் பின்வருமாறு எழுதுவதாகக் கொள்வோம்:

"பொருள்: அணை - பராமரிப்பு - தொடர்பாக. மேற்படி அணையின் கீழ்ப்புறத்தில் சற்றே கூடுதலான கசிவு காணப்படுவதாகத் தெரியவருவதாலும், பருவமழைக்காலம் நெருங்கி வருவதாலும், இப்பொருளில் தக்க மேல்நடவடிக்கை எடுக்க ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்ளப்படுகிறது."

இக்கடிதத்தில் பொய் எதுவும் இல்லை, பணிவும் உண்டு. ஆனால் கசிவு எவ்வளவு, எங்கே, எப்போதிலிருந்து, அதைக் கண்டவர் யார், மேலதிகாரி செய்ய வேண்டியது என்ன என்பவற்றுள் ஒன்றுகூட இதில் இல்லை. 'பராமரிப்பு' என்னும் தலைப்பைப் பார்த்த எழுத்தர் இதை ஆண்டுப் பராமரிப்புக் கோப்பில் சேர்த்துவிடுவார். அதே செய்தியை வேறு வகையிலும் எழுதலாம்:

"பொருள்: மண் அணை - கசிவு நீரில் மண் கலந்து வருதல் - நீர்மட்டத்தை 2 மீட்டர் குறைக்க உடனடி அனுமதி வேண்டுதல்.

நீர்த்தேக்கத்தின் மட்டத்தை 2 மீட்டர் குறைக்க, ஜூன் 11 மாலைக்குள் அனுமதி வழங்குமாறு வேண்டுகிறேன். தாமதமானால் அணை உடையக்கூடும். கீழ்ப்புறத்தில் இரண்டு கிராமங்கள் உள்ளன.

இடது கரையிலிருந்து 140 மீட்டர் தொலைவில், அணையின் அடிவாரத்தில் மே 20 அன்று நிமிடத்துக்கு 40 லிட்டராக இருந்த கசிவு, ஜூன் 9 அன்று 95 லிட்டராக அளவிடப்பட்டது. இந்த இடைக்காலத்தில் நீர்த்தேக்கத்தின் மட்டம் உயரவில்லை. ஜூன் 7 முதல் கசிவு நீர் கலங்கலாக வருகிறது. அணையின் உட்புறத்திலிருந்து மண் அரித்துச் செல்லப்படுகிறது என்பது என் கருத்து.

மணலும் ஜல்லியும் கொண்டு வடிகட்டி அடுக்கு அமைக்கும் பணி இன்று தொடங்கப்பட்டது. கசிவு ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை அளக்கப்படுகிறது. இன்று காலை தங்களிடம் தொலைபேசியில் தெரிவித்ததை இக்கடிதம் உறுதி செய்கிறது."

இரண்டாவது கடிதம் முதற்கடிதத்தைவிட நீளமானது. ஆயினும் அதைப் படித்து முடிவெடுக்க ஆகும் நேரம் குறைவு. பொருள் வரியே செய்தியைக் கூறுகிறது. வேண்டுகோள், கெடு, விளைவு ஆகிய மூன்றும் முதல் பத்தியில் உள்ளன. அளவுகளும் நாள்களும் அடுத்து வருகின்றன. கண்ட உண்மை வேறாகவும், அதிலிருந்து பெற்ற கருத்து வேறாகவும் காட்டப்பட்டுள்ளன. கசிவு பெருகியது என்பது அளவீடு. உள்ளே மண் அரிக்கிறது என்பது அளவீட்டிலிருந்து பெற்ற முடிபு. இவ்விரண்டையும் கலந்து எழுதினால், பின்னர் முடிபில் ஐயம் எழும்போது அளவீடும் நம்பிக்கை இழக்கும்.

'காணப்படுவதாகத் தெரியவருகிறது' என்னும் செயப்பாட்டு வாக்கியம் அரசுக் கடிதங்களில் பெருகிக் கிடக்கிறது. செய்தவரை மறைக்கும் இத்தொடர், பொறுப்பையும் மறைத்துவிடுகிறது. 'உதவிப் பொறியாளர் ஜூன் 9 அன்று அளந்தார்' என்று எழுதுவதில் பணிவுக் குறைவு ஏதும் இல்லை.

ஒப்பந்தமும் கடிதமும்

ஒப்பந்தக்காரருக்கு எழுதும் கடிதத்துக்குச் சட்ட விளைவும் உண்டு. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 55-ஆவது பிரிவு இதற்குத் தக்க சான்று. காலம் இன்றியமையாத கூறாக உள்ள ஓர் ஒப்பந்தத்தில், குறித்த காலத்துக்குள் பணி முடிவடையவில்லை எனக் கொள்வோம். தாமதமாக முடிக்கப்படும் பணியை மறுதரப்பார் ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் தாமதத்தால் நேர்ந்த இழப்புக்கு ஈடு கோரும் எண்ணம் இருந்தால், பணியை ஏற்கும் அச்சமயத்திலேயே அதை அறிவிக்க வேண்டும். அவ்வாறு அறிவிக்கத் தவறினால் இழப்பீடு கோர இயலாது என அப்பிரிவு கூறுகிறது.

உரிய நாளில் எழுதப்படும் ஒரு பத்தி அறிவிப்பு அரசுப் பணத்தைக் காக்கும். அது எழுதப்படாமற்போனால், பின்னர் எத்தனை விளக்கங்கள் எழுதினாலும் இழந்த உரிமை மீளாது. ஆகவே ஒப்பந்தக் கடிதத்தில் ஒப்பந்தத்தின் பிரிவு எண், நிகழ்ச்சி நேர்ந்த நாள், அறிவிப்பின் நோக்கம் ஆகியவை தெளிவாக இருத்தல் வேண்டும். பெறுபவரிடம் சேர்ந்ததற்கான ஒப்புகையும் பாதுகாக்கப்பட வேண்டும். ஒப்பந்தக்காரரின் குணத்தைப் பற்றிய கடுஞ்சொற்களுக்கு அங்கே இடமில்லை. வழக்கோ நடுவர் தீர்ப்போ எழும்போது, சினத்தில் எழுதிய வாக்கியம் எழுதியவருக்கு எதிராகவே எடுத்துக்காட்டப்படும்.

நல்ல கடிதத்துக்குப் பின்னும்

தெளிவாக எழுதிவிட்டால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுமா? இவ்வினாவுக்கு மற்றொரு நிகழ்ச்சி விடை தருகிறது. சேலஞ்சர் விண்கலத்தின் திண்ம எரிபொருள் ஏவூர்திகளைத் தயாரித்த மார்ட்டன் தயோகால் நிறுவனத்தின் பொறியாளர் ரோஜர் போய்ஸ்ஜோலி, 1985 ஜூலை 31 அன்று துணைத் தலைவருக்கு ஒரு குறிப்பு எழுதினார். இணைப்புகளில் உள்ள ரப்பர் வளையங்கள் அரிக்கப்படும் சிக்கலின் தீவிரத்தை நிர்வாகம் முழுமையாக உணர வேண்டும் என்பதே தம் நோக்கம் என்று முதலிலேயே கூறினார். உடனடியாகத் தனிக் குழு அமைத்துத் தீர்வு காணாவிடில் ஒரு கலத்தையே இழக்க நேரலாம் என்றும் எழுதினார். மேற்கூறிய இலக்கணங்கள் பலவும் அதில் அமைந்திருந்தன. குழு அமைக்கப்பட்டது; ஆனால் போதிய ஆதரவு கிட்டவில்லை. அதே நிறுவனத்தின் பாப் எபலிங் என்னும் பொறியாளர், 1985 அக்டோபர் 1 அன்று உதவி வேண்டும் என்ற கூக்குரலோடு தம் குறிப்பைத் தொடங்கி, அக்குழுவின் பணி தடைபடுவதைத் தெரிவித்தார்.

1986 ஜனவரி 28 அன்று, கடுங்குளிரில் ஏவப்பட்ட சேலஞ்சர் 73 விநாடிகளில் சிதறியது. எழுவர் உயிரிழந்தனர். இதை ஆராய்ந்த ரோஜர்ஸ் ஆணையம், ஏவுவதற்கு இறுதி முடிவெடுத்தவர்கள் வளையங்களின் அண்மைக் கால வரலாற்றை அறிந்திருக்கவில்லை எனக் கண்டது. 53 பாரன்ஹீட் பாகைக்குக் குறைந்த வெப்பநிலையில் ஏவ வேண்டாம் என ஒப்பந்த நிறுவனம் முதலில் எழுத்தில் அளித்த பரிந்துரையும் அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

கடிதம் அதைப் பெற்றவரின் மேசையோடு நின்றுவிடலாகாது என்பதை இது உணர்த்துகிறது. எழுதுபவரின் கடமை தொடர்ந்து கேட்பது. பெறுபவரின் கடமை ஏற்றோ மறுத்தோ காரணத்துடன் பதில் தருவது. மறுக்கப்பட்ட பரிந்துரையும், அது மறுக்கப்பட்டது என்ற செய்தியோடு மேல்மட்டத்தை அடைய வேண்டும். கீழ்நிலைப் பொறியாளரின் எச்சரிக்கைக் கடிதம் தம் மேசையில் எத்தனை நாள் காத்திருந்தது என்பதை ஒவ்வொரு மேலதிகாரியும் கணக்கிட்டுப் பார்ப்பது நலம்.

மின்னஞ்சல் காலத்தில்

கோப்புகள் மின் அலுவலக முறைக்கு மாறி வரும் இக்காலத்தில் தாள்களின் பயணம் விரைவாகியிருக்கிறது. ஆனால் ஒரு விரல் அசைவில் நாற்பது பேருக்கு நகல் அனுப்ப இயல்வதால், பொறுப்பு மேலும் சிதறும் ஆபத்தும் கூடியிருக்கிறது. செயல்பட வேண்டியவரைப் பெறுநராகவும், அறிந்துகொள்ள வேண்டியவரை மட்டும் நகல் பெறுபவராகவும் குறிக்கும் பழைய ஒழுங்கு இன்று முன்னிலும் தேவைப்படுகிறது.

2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 'தகவல்' என்னும் சொல்லில் குறிப்பாணைகள், மின்னஞ்சல்கள், கருத்துகள், அறிவுரைகள் ஆகியவற்றையும் சேர்த்துள்ளது. சட்டம் விலக்களித்துள்ள பொருள்கள் நீங்கலாக, பொறியாளர் இன்று எழுதுவதை நாளை ஒரு குடிமகன் படிக்கக்கூடும். இதற்கு அஞ்சி எழுதாமலிருப்பதும், பிடிகொடுக்காமல் மழுப்பி எழுதுவதும் தீர்வாகா. உண்மையை அளவோடும் காரணத்தோடும் எழுதியவருக்கு இச்சட்டம் துணையே.

'எழுதிவிட்டோம்' என்று கோப்பைக் காட்டித் தம்மைக் காத்துக்கொள்வதற்காக எழுதப்படும் கடிதத்துக்கும், ஒரு செயலை நிகழச் செய்வதற்காக எழுதப்படும் கடிதத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் படிப்பவர் எளிதில் உணர்வார். முன்னது அனுப்பப்பட்ட நாளிலேயே முடிந்துவிடுகிறது. பின்னது வடிகட்டி அடுக்கு அமைந்து, கசிவு நீர் தெளிந்து, அச்செய்தியும் கோப்பில் பதிவான பின்னரே முடிவடைகிறது. பொறியியல் கல்லூரிகளும் பயிற்சி நிலையங்களும் இந்த இரண்டாவது வகைக் கடிதத்தைக் கற்பிப்பதற்குத் தம் பாடத்திட்டத்தில் உரிய இடமளிக்குமாயின், அணையின் கீழ்ப்புறத்தில் வாழும் மக்களுக்கு அது பெரும் பாதுகாப்பாகும்.